டமாக்சிஃபென் சாப்பிடும்போது மூலிகை மாத்திரை: நான் விசாரித்துத் தெரிந்துகொண்டது

எனக்கு வந்தது ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டர் பாசிட்டிவ் வகை மார்பகப் புற்றுநோய், அதாவது ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனின் தூண்டுதலில் வளரும் வகை. சிகிச்சை முடிந்த பிறகு தினமும் 20 மில்லிகிராம் டமாக்சிஃபென், மார்பகத்தில் அந்த ஹார்மோன் வேலை செய்யாமல் தடுக்கும் மாத்திரை. அதை ஆரம்பித்ததும் திடீர் திடீரென்று உடம்பு தகிக்கும், நடுராத்திரியில் வியர்த்துக் கொட்டும், தூக்கமே போய்விட்டது. தெரிந்தவர்கள் ஆளுக்கொரு மூலிகை சொன்னார்கள். அக்கறையோடுதான் சொன்னார்கள், ஆனால் சாதாரண மெனோபாஸுக்குச் சொல்வதையே எனக்கும் சொன்னார்கள், அதுதான் சிக்கல்.

எதையும் வாயில் போடுவதற்கு முன்னால் எல்லா டப்பாக்களின் லேபிளையும் போட்டோ எடுத்துக்கொண்டு மருத்துவமனை மருந்தாளுநரிடம் போனேன். ஒவ்வொன்றாகப் பொறுமையாகப் பார்த்தார். இது உடம்புக்குள் ஈஸ்ட்ரோஜன் மாதிரி வேலை செய்யுமா என்பது முதல் கேள்வி. சிவப்பு க்ளோவர், சோயா ஐசோஃப்ளேவோன் மாத்திரை இரண்டும் அங்கேயே நின்றுவிட்டன. சோயாவை உணவாகச் சாப்பிடுவது வேறு, அதன் சாரத்தைச் செறிவாக மாத்திரையில் விழுங்குவது வேறு என்று அழுத்திச் சொன்னார்.

இரண்டாவது கேள்வி நான் யோசித்தே பார்க்காதது: டமாக்சிஃபெனையே இது கெடுக்குமா? அந்த மாத்திரை கல்லீரலில் எண்டாக்சிஃபென் என்ற பொருளாக மாறித்தான் பெரும்பாலும் வேலை செய்கிறதாம். மனச்சோர்வுக்குச் சாப்பிடும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை கல்லீரல் நொதிகளைத் தூண்டி மருந்தின் அளவைக் குறைத்துவிடும். மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் மாத்திரையும் எண்டாக்சிஃபெனைக் குறைத்ததாக ஆய்வு இருக்கிறது. சமையலில் போடும் மஞ்சளுக்கு நான் பயப்படவில்லை, மாத்திரையை மட்டும் ஒதுக்கினேன். மெனோபாஸ் தகிப்புக்குச் சொல்லப்படும் பிளாக் கோஹோஷ் என்ற மூலிகை ஈஸ்ட்ரோஜன் போல வேலை செய்வதாகத் தெரியவில்லை என்றாலும், அரிதாகக் கல்லீரல் பாதிப்பு பதிவாகியிருப்பதால் அதுவும் வேண்டாம் என்றார். 'ஹார்மோன் பேலன்ஸ்' என்று பெயர் போட்டு, எது எவ்வளவு என்றே சொல்லாத கலவையைப் பார்த்ததும் நேராகத் தள்ளி வைத்துவிட்டார், எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

அப்புறம் தகிப்புக்கு என்னதான் வழி? டாக்டர் குறைந்த அளவு வென்லாஃபாக்சின் எழுதிக் கொடுத்தார். மனச்சோர்வுக்கான மருந்துதான், தகிப்பையும் குறைக்கும். மனச்சோர்வு மருந்துகளிலேயே பராக்ஸெட்டின், ஃப்ளுவாக்ஸெட்டின் இரண்டும் எண்டாக்சிஃபென் உருவாவதையே தடுக்கும் என்பதால் அவற்றைத் தவிர்த்தார். ஆக, மூலிகையிடம் கேட்ட அதே கேள்வியை டாக்டர் எழுதும் மருந்திடமும் கேட்க வேண்டியிருக்கிறது. தகிப்பு முழுசாகப் போகவில்லை, ஆனால் இப்போது ராத்திரி தூங்குகிறேன்.