பைத்தான் 3.8-ஐ எப்போது விடலாம், எப்படி விடலாம்?

“நேத்து வரைக்கும் ஓடுச்சுல்லா அண்ணாச்சி, இன்னைக்கு அப்டேட் போட்டதும் நின்னுட்டு.” பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்ததை யூனிகோடாக மாற்றும் சின்ன நிரலை எழுதி ஓப்பன் சோர்ஸாக விட்டிருப்பவருக்கு, திருநெல்வேலி டவுன் டிடிபி கடையிலிருந்து இப்படி ஒரு போன் வரும். பைத்தான் நிரல்மொழியின் பழைய பதிப்புக்கு ஆதரவை நிறுத்தியதுதான் தப்போ என்று உடனே தோன்றும். பெரும்பாலும் அது இல்லை. பைத்தான் பொதிகளை இறக்கி நிறுவும் கருவியான பிப்பிடம், நிறுத்தியதைச் சொல்லாமல் விட்டதுதான் வினை.

முதலில் எப்போது என்பதைப் பார்ப்போம். பைத்தான் பதிப்பு ஒவ்வொன்றும் சுமார் 5 ஆண்டு திருத்தம் பெறும். 3.8 வந்தது 2019 அக்டோபரில், முடிந்தது 2024 அக்டோபரில். 3.9-க்கு 2025 அக்டோபரோடு கெடு முடிந்தது. எண்கணக்குக்கான நம்பை போன்ற அறிவியல் லைப்ரரிகளை (மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் தொகுப்புகள்) எழுதுபவர்கள் அவ்வளவு நாள் பொறுப்பதில்லை. அவர்கள் வகுத்துக்கொண்ட ஸ்பெக் 0 என்ற ஏற்பாடு, வெளிவந்து 3 ஆண்டான பைத்தானை விட்டுவிடலாம் என்கிறது. அவர்கள் பக்கம் ஞாயம் உண்டு: சி மொழியில் எழுதிய பகுதியை ஒவ்வொரு பைத்தானுக்கும், ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் தனித்தனியாகக் கம்பைல் செய்து வீல் (நிறுவத் தயாரான பொதி) போட வேண்டும். வெறும் பைத்தானில் எழுதிய சில நூறு வரி எழுத்துமாற்றிக்கு அந்த அவசரம் எதற்கு? 5 ஆண்டுக் கெடு வரை கட்டாயம் தாங்கலாம். அதற்குப் பிறகும், பழசு நம் கையைக் கட்டாத வரை இருந்துவிட்டுப் போகட்டும்.

கை கட்டப்படுவது சார்ந்திருக்கும் லைப்ரரிகளில்தான் முதலில் தெரியும். 3.8-இல் ஓடும் கடைசி நம்பை 1.24. பைத்தான் 3.13-க்கோ நம்பை 2.1 முதல்தான் ஆதரவு. இரண்டையும் தாங்குகிறேன் என்று சொன்னால், நடுவில் 2.0-இல் நடந்த பெரிய மாற்றத்தையும் சேர்த்து இரண்டு நம்பைக்கும் ஒரே நிரல் ஒத்துவர வேண்டும். சோதனைக் கருவியான பைடெஸ்ட் 8.4, பிப் 25.1 எல்லாம் 3.8-ஐ விட்டாயிற்று. பழைய கருவிக்காகவே நிரலிலும் சோதனையிலும் ‘இஃப்’ போட ஆரம்பித்துவிட்டீர்கள் என்றால் நேரம் வந்துவிட்டது. மேட்ச் கேஸ் என்ற புதிய தொடரமைப்பில் எழுத ஆசையாக இருக்கிறது என்பதெல்லாம் ஒரு காரணமே இல்லை.

ரெட் ஹேட் 8 லினக்ஸோடு கூடவே வருவது பைத்தான் 3.6. அந்த லினக்ஸுக்கு 2029 வரை ஆதரவு இருக்கிறது. அதைக் காட்டி “நீயும் தாங்கு” என்று இஷ்யூ (புகார்க் குறிப்பு) போடுவார்கள். அந்த ஆதரவுக்குக் காசு வாங்குவது வேறொருவர். சும்மா எழுதிக் கொடுப்பவர் அதைச் சுமக்க வேண்டியதில்லை.

இனி, எப்படி. நிரலின் விவரத்தைச் சொல்லும் பைபிராஜெக்ட் டாமல் கோப்பில் ‘ரிக்வயர்ஸ்-பைத்தான்’ என்று ஒரு வரி உண்டு. அதில் >=3.9 என்று இருந்தால், 3.8 வைத்திருப்பவரின் பிப் புதிய வெளியீட்டைத் தாண்டிப்போய், தனக்கு ஒத்த கடைசி வெளியீட்டை எடுத்துக்கொள்ளும். கடைக்காரருக்கு எதுவும் தெரியாது, எதுவும் உடையாது. 2016-இல் வந்த பிப் 9 முதலே இந்த வசதி இருக்கிறது.

இந்த வரியை மாற்ற மறந்து, உங்கள் நிரலின் 1.5.0 வெளியீட்டில் ரிமூவ்பிரிஃபிக்ஸ் (சரத்தின் முன்பகுதியை வெட்டுவது) போன்ற 3.9-இல் வந்த செயற்கூறு ஒன்றைப் பயன்படுத்திவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சின்டாக்ஸ் எரர் (தொடரமைப்புப் பிழை) என்றால் திறக்கும்போதே விழுந்துவிடும், நல்லது. இது அப்படி விழாது. பாமினியில் கொம்பை எழுத்துக்கு முன்னால் தட்ட வேண்டும், யூனிகோடில் அது பின்னால் வர வேண்டும். அந்த இடமாற்றத்துக்குள் ரிமூவ்பிரிஃபிக்ஸ் உட்கார்ந்திருந்தால், கொம்பில்லாத வரியெல்லாம் ஒழுங்காக மாறும். ‘கொடை விழா’ (ஊர்க் கோயில் விழா) என்ற முதல் சொல் வந்ததும், அப்படி ஒரு செயற்கூறே இல்லை என்று ஆட்ரிபியூட் எரர். அரைகுறையாக மாறிய நோட்டீஸ் கையில் நிற்கும்.

பிப் பொதிகளை எடுக்கும் பைபிஐ தளத்தில் ஏற்றிய பொதியின் விவரத்தைத் திருத்த முடியாது. சரியான வரியோடு 1.5.1 போட்டால் மட்டும் போதாது. 3.8-இன் பிப் அதைத் தாண்டி, பிழையுள்ள 1.5.0-இல் வந்து நிற்கும். அதனால் 1.5.0-ஐ ‘யாங்க்’ செய்ய (விலக்கி வைக்க) வேண்டும், அப்போதுதான் 1.4-க்கு இறங்கும். == போட்டு 1.5.0-ஐயே கேட்பவருக்கு அது இன்னமும் கிடைக்கும், அது அவர் பாடு.

எனவே வரிசை முக்கியம். 3.8-க்கான கடைசி வெளியீட்டில் நிலுவையிலுள்ள பிழைகளைத் தீர்த்து, “3.8-க்கு இதுவே கடைசி” என்று மாற்றக் குறிப்பில் எழுதுங்கள். பாபநாசம் அணையில் தண்ணீரை அடைக்கும் தேதி தெரிந்தால் வயல்காரர் அதற்கேற்ப நடுவார், அவ்வளவுதான். அடுத்த வெளியீட்டில் ரிக்வயர்ஸ்-பைத்தானையும், சோதித்துப் பார்க்கும் பைத்தான் பதிப்புகளின் பட்டியலையும் மாற்றுங்கள். புதிய வசதிகளை அதற்குப் பிறகு தொடுங்கள். வெர்மின் என்ற கருவியை ஓட்டினால், நிரலுக்குக் குறைந்தது எந்தப் பைத்தான் வேண்டும் என்று சொல்லிவிடும். பாதுகாப்புத் திருத்தத்தையும் பதிப்பு நிறுத்தத்தையும் ஒரே வெளியீட்டில் சேர்க்காதீர்கள். பழசில் இருப்பவருக்குத் திருத்தம் போய்ச் சேராது. மேல் வரம்பும் வேண்டாம். புதிதாக <3.13 என்று போட்டால், 3.13-இல் இருப்பவரின் பிப் அந்த வரம்பு இல்லாத ஏதோ ஒரு பழைய வெளியீட்டைத் தேடிப் பிடித்துக்கொண்டு வரும்.

டிடிபி கடைக் கணக்கு தனி. பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கருக்காகவும் பழைய பிரிண்டர் டிரைவருக்காகவும் விண்டோஸ் 7-ஐ விடாமல் வைத்திருப்பார்கள். அதில் ஏறும் கடைசிப் பைத்தான் 3.8. பைத்தான் தளத்திலேயே விண்டோஸுக்கான 3.8 இன்ஸ்டாலர் 2021 மே மாதத்து 3.8.10-உடன் நின்றுவிட்டது, பிறகு வந்தவை சோர்ஸ் மட்டும். ஆக அந்தக் கணினிக்கு நாம் ஆதரவை நீட்டித்தாலும் அடியிலுள்ள பைத்தானுக்கு வருடக்கணக்கில் திருத்தமே இல்லை.

அவர்களுக்கு உதவுவது, பைத்தானைத் தனியாக நிறுவாமலே ஓடும் கடைசி வெளியீட்டின் ஈஎக்ஸ்ஈ. அதைக் கட்டித் தரும் பைஇன்ஸ்டாலரை 3.8.10-இல் ஓட்டிக் கட்டுங்கள். 3.9-இல் கட்டினால், ‘ஏபிஐ-எம்எஸ்-வின்-கோர்-பாத்’ என்று தொடங்கும் டிஎல்எல் காணவில்லை என்று விண்டோஸ் 7 முரண்டு பிடிக்கும். 2 ஜிபி ராம் கணினிகள் 32-பிட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். 64-பிட்டில் கட்டியது அங்கே திறக்காது, அதனால் 32-பிட் பைத்தானில் கட்டுவதே பாதுகாப்பு. சர்வீஸ் பேக் 1 இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஐகானுக்குப் பின்னால் நீங்கள் வைத்துக்கொடுத்த பேட்ச் ஃபைலில் (.bat) பிப் அப்கிரேடு வரி இருந்தால் எடுத்துவிடுங்கள். சித்திரையிலும் ஆடியிலும் கொடை நோட்டீஸ் வேலை நெருக்கும், அந்த மாதங்களில் எதையும் மாற்ற வேண்டாம்.