ஓரத்து வயல்

அந்த வயற்கார ஐயாவுக்கு நான் சொன்ன பதிலில் பிழையில்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனாலும் சிறுபோகத்து நீரைப் பங்கிடும் கூட்டம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் அது வந்து குடைகிறது.

காற்றில் ஒளி மினுங்குவதை அளக்கும் சிண்டிலோமீற்றர் என்ற கருவியின் ஒளிவாங்கியை அவருடைய வரம்போரம் உயரமான இரும்புச் சட்டமொன்றில் பூட்டியிருந்தோம். ஒளி அனுப்பும் பெட்டி இரண்டு கிலோமீற்றருக்கு அப்பால், குளக்கட்டில். கண்ணுக்குத் தெரியாத செங்கீழ்க் கதிர் அங்கிருந்து வயல்களுக்கு மேலாக வரும். வெக்கையில் காற்று குலையக் குலைய அதுவும் மினுங்கும். அந்த மினுக்கத்தைக் கொண்டு, நிலம் காற்றுக்குக் கொடுக்கும் வெப்பத்தைக் கணிக்கிறோம். நிலத்துக்குக் கிடைத்த நிகர ஆற்றலில் இதையும் மண்ணுக்குள் இறங்குவதையும் கழித்தால், மிஞ்சுவது நீரை ஆவியாக்கப் போனது. சதுர மீற்றருக்கு 28 வாட் பிசகினால் நாளுக்கு ஒரு மில்லிமீற்றர் நீர் பிசகும். ஏக்கருக்கு அது ஏறத்தாழ 4,000 லீற்றர்.

சோளகம் அடித்துக்கொண்டிருந்தது. வில்லையில் படிந்த புழுதியைத் துடைத்துவிட்டு, திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி ஒளியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஐயா கீழே நின்றபடி கேட்டார்: “தம்பி, என்னுடைய வயலும் இந்தக் கணக்கில் வருமா?”

“வரும் ஐயா. ஆனால் மிகக் குறைவாக. நடுவிலுள்ள வயல்களைத்தான் இது கூடுதலாகக் கணக்கெடுக்கும். இரண்டு ஓரமும் இல்லாத மாதிரித்தான்.”

“கூட்டத்திலும் அப்படித்தான்” என்றார். குரலில் கோபம் இருக்கவில்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மடைப்பக்கம் போய்விட்டார்.

ஒளியியலுக்குப் பட்சபாதம் கிடையாது. வில்லைகளுக்கு அருகிலுள்ள காற்றுச் சுழல்கள் கற்றையை அவ்வளவாகக் குலைப்பதில்லை. அது எவரும் கூடிப் பேசி நிறைவேற்றிய தீர்மானமல்ல. ஆனால் பாதையைத் தெரிவு செய்தது நான்தான். குளக்கட்டின் உயரம் கிடைத்தது, குறுக்கே மரமில்லை. வேறெந்தக் காரணமும் இல்லை. நடுவில் அகப்பட்டவை நீர் வற்றாத வயல்களாக இருந்தது தற்செயல். தற்செயலாக எல்லாமே அந்தப் பக்கம்தான் சாய்கிறது என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அவருடையது வாய்க்காலின் கடைசி. முறை வரும் நாளில்கூட நீர் நூலாகத்தான் வரும். வரம்படியில் மண் விரல் நுழையுமளவுக்கு வெடித்துக் கிடந்தது.

சரி, அவருடைய வயலை நடுவில் வைத்தே அளந்திருந்தால்? இதை நினைக்கத் தொடங்கியபின்தான் உண்மையான சங்கடம். காய்ந்த நிலத்திலிருந்து காற்றுக்கு வெப்பம் அதிகமாகப் போகும். ஆவியாக நீர் இல்லை. என் அட்டவணையில் அவருக்கு நேரே சிறிய எண் விழும். நாங்கள் அளப்பது பயிர் குடித்ததை, கேட்டதை அல்ல. அந்த எண்ணைக் கூட்டத்தில் யாராவது வாசித்தால், இவருக்கு இவ்வளவு போதும் என்றாகிவிடும். அப்படிப் பார்த்தால் கணக்கில் வராமல் போனது அவருக்கு நல்லதோ? இந்தச் சமாதானம் எனக்கு வசதியாக இருப்பதாலேயே அதை நம்ப மனம் வரவில்லை.

அடுத்த போகத்தில் பாதையைத் திருப்பலாம். மருத மரங்களுக்கு மேலாகக் கற்றை போக இன்னும் உயரமான சட்டம் வேண்டும், செலவுக்கு எழுதியிருக்கிறேன். கடைசி வயல்களில் மண் ஈரத்தையும் தனியாக அளக்க வேண்டும் என்று கீழே சேர்த்தேன். பணம் குறையும்போது முதலில் வெட்டுப்படுவது அந்த வரியாகத்தான் இருக்கும்.