நீருக்கடியில் எபொக்சி எவ்வளவு காலம் தாங்கும்?

வாடைக்காற்று ஓய்ந்து கடல் தெளிந்த பின்னர், திருகோணமலை உட்துறைமுகத்தில் ஓர் இறங்குதுறையின் கீழ்ச் செல்லும் கடல்நீர்க் குழாயைப் பார்வையிட இறங்கிய எங்கள் சுழியோடி, உள்ளங்கையளவான எபொக்சி (இரு கூறுகளைக் கலந்து இறுகவைக்கும் செயற்கைப் பிசின்) துண்டொன்றைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். அரித்துப்போன குழாயைச் சுற்றி உருக்கு உறை பூட்டி, இடைவெளியை எபொக்சிக் கிறவுட்டால், அதாவது உட்செலுத்தி இறுகவிடும் நிரப்புக் கலவையால், நிரப்பிய பழைய திருத்தவேலையிலிருந்து பெயர்ந்த துண்டு அது. வெளிப்பக்கம் கருங்கல்லைப் போல இருந்தது. சுத்தியலால் தட்டியபோது கணீரென்றது. திருப்பிப் பார்த்தேன். குழாயோடு ஒட்டியிருக்க வேண்டிய உட்பக்கம் முழுவதும் செம்மண் பூசியது போன்ற மெல்லிய துருப்படலம் படிந்திருந்தது. கிறவுட் உடையவுமில்லை, கரையவுமில்லை. உருக்கை விட்டுக் கழன்றிருந்தது.

இத்தகைய கிறவுட்டுகளின் விளக்கத்தாளில் முதலில் கண்ணில் படுவது அமுக்க வலிமை. ஏழு நாளில் 80 மெகாபஸ்காலுக்கு மேல் என்று பல தயாரிப்புகளில் அச்சிட்டிருப்பார்கள். நாம் வீடு கட்டும் கொங்கிறீற்றைப் போல அது மூன்று மடங்கு. மெலிந்த குழாய்ச் சுவர் உள்ளழுத்தத்தால் வெளியே தள்ளும்போது அந்தச் சுமையை உறைக்குக் கடத்த இவ்வலிமை தேவைதான். ஆனால் அது உலர்ந்த ஆய்வுகூடத்தில் வார்த்த மாதிரியின் வலிமை. நீருக்கடியில் திருத்தத்தின் ஆயுளைத் தீர்மானிப்பவை உருக்கின் மேற்பரப்பும், நீரை உறிஞ்சிய பின் எபொக்சி அடையும் நிலையுமே என்பது என் உறுதியான கருத்து.

மேற்பரப்பில் ஒட்டிய சிப்பியையும் பாசியையும் உயரழுத்த நீரால் அகற்றுவது எளிது. குழிகளுக்குள் தங்கிவிடும் உப்பும் கருந்துருவும்தான் பிரச்சினை. மணல் வீச்சால் வெள்ளை உலோகம் தெரியும்வரை துப்புரவாக்கினாலும், இந்த வெப்பக் கடலில் துரு மீண்டும் படர அதிக நேரம் எடுக்காது. ஆகவே துப்புரவு முடிந்த கையோடு உறையைப் பூட்டி, கிறவுட்டைக் கீழ்முனையிலிருந்து மெதுவாக ஏற்றி, மேல் துவாரத்தால் கலங்கலற்ற கலவை வெளிவரும்வரை செலுத்த வேண்டும். அப்போதுதான் உள்ளே இருந்த நீர் முழுமையாக இடம்பெயரும். வெப்பநிலை ஏறத்தாழ 10 பாகை கூடினால் கலவை இறுகும் வேகம் இருமடங்காகும். வெயிலில் நின்ற பீப்பாயை அப்படியே திறந்து கலக்கும் குழு, பாதி நிரப்பும்போதே குழாய்வாயில் இறுகிய கட்டியோடு போராடுவதை நான் பார்த்திருக்கிறேன். நிழலில் வைத்துச் சிறுசிறு அளவாகக் கலப்பதைத் தவிர இதற்கு வேறு வழியில்லை.

அடுத்தது நீர் உறிஞ்சல். எபொக்சியின் மூலக்கூறுச் சங்கிலிகளுக்கிடையே நீர் மெல்ல நுழைந்து அவற்றைத் தளர்த்துகிறது. அதனால் விறைப்புக் குறைவதோடு, கண்ணாடி போன்ற இறுகிய நிலையிலிருந்து இறப்பர் போன்ற நிலைக்கு மாறும் வெப்பநிலையும் இறங்குகிறது. சாதாரண வெப்பநிலையில் இறுகும் எபொக்சிகளுக்கு இம்மாறுநிலை பெரும்பாலும் 50 முதல் 65 பாகை செல்சியசுக்குள் அமையும். ஈரத்தால் அது மேலும் 10, 20 பாகை இறங்கலாம். ஐரோப்பாவின் குளிர்ந்த வடகடலில் இது பெரிதாக உறுத்தாது. நமது கடலோ ஆண்டின் பெரும்பகுதி 27 முதல் 30 பாகையில் நிற்கிறது. குழாயில் செல்வது சூடேற்றிய உலை எண்ணெய் என்றால், குழாயின் வெப்பநிலைக்கும் இம்மாறுநிலைக்கும் இடையே மிகுதியாகும் இடைவெளி ஆபத்தான அளவுக்குச் சுருங்கிவிடும். குளிர்நாட்டுக் கடலில் பெற்ற ஆயுட்கணக்கை இங்கே அப்படியே எழுதிக்கொடுப்பதை நான் ஏற்பதில்லை. தடிப்பு ஒரு துணை: தடிப்பு இருமடங்கானால் நீர் ஊடுருவும் காலம் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. எனினும் உருக்கை ஒட்டிய இடுக்கு வழியே நீர் புகுந்துவிட்டால் அந்தத் தடிப்பால் பயனில்லை.

உருக்கு அரிக்காதபடி அதற்குச் சிறு மின்னோட்டம் கொடுக்கும் கதோட்டுப் பாதுகாப்பையும் சேர்த்தே எண்ண வேண்டும். அது உருக்கைக் காக்கிறது. ஆனால் அளவு மீறினால், ஒட்டு விட்ட விளிம்பில் காரத்தன்மை பெருகி, ஒட்டு மேலும் உரிந்துபோக வழியாகிறது. உறை பூட்டிய பின் மின்னழுத்தத்தை மீண்டும் அளக்காமல் விட்டுவிடுவது பரவலான வழக்கம், அது பிழை.

எங்கள் வேலைத்தளத்தில் இப்போது ஒவ்வொரு கலவையிலிருந்தும் சில கனசதுரங்களையும், குழாயோடு சேர்த்துத் துப்புரவாக்கிய உருக்குத் தகடுகளில் ஒட்டிய சில மாதிரிகளையும் வார்த்து, நைலோன் கயிற்றில் கட்டி, அதே இறங்குதுறைத் தூணில் அதே ஆழத்தில் தொங்கவிடுகிறோம். கனசதுரங்களை நொறுக்குவதைவிட, தகடுகளை இழுத்துப் பிரித்து, பிரிவு எங்கே நிகழ்கிறது என்று பார்ப்பதே எனக்கு முக்கியம். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகம் தொடங்குமுன் முதல் தொகுதியை மேலே எடுப்போம். அந்தப் பழைய துண்டு, துருப்பக்கம் மேலாக, என் மேசையில் இருக்கிறது.