காலாவதியான அப்ரைசர் உரிமத்தைத் திரும்பப் பெற்ற கதை

அமெரிக்காவில் வீடுகளுக்கு மதிப்பீடு எழுதும் அப்ரைசர் வேலையை நான் நிறுத்தியதற்குக் காரணம் வட்டி. 2021 ஜனவரியில் 30 ஆண்டு வீட்டுக்கடனின் சராசரி வட்டி 2.65 சதவீதம் வரை இறங்கியது. எல்லோரும் பழைய கடனை அடைத்துப் புதுக்கடன் வாங்கினார்கள். புதுக்கடனுக்கு வங்கி வீட்டின் மதிப்பீட்டைக் கேட்கும் என்பதால் எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. 2023 அக்டோபரில் அதே வட்டி 8 சதவீதத்தை நெருங்கியது. 3 சதவீதக் கடன் கையில் இருப்பவர் அதை ஏன் மாற்றப் போகிறார்? ரீஃபைனான்ஸ் வேலை வற்றிப்போனது. நான் சம்பள வேலை ஒன்றில் சேர்ந்தேன். கலிபோர்னியா உரிமம் முடியும் தேதி வந்தபோது, யோசித்துத்தான் புதுப்பிக்காமல் விட்டேன்.

இந்த ஆண்டு திரும்பி வந்துவிட்டேன். இதே நிலையில் இருக்கும் சிலர், "தாமதக் கட்டணம் கட்டினால் வந்துவிடும்தானே?" என்று கேட்கிறார்கள். கட்டணம் இதில் சின்ன விஷயம். எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது, உரிமம் முடிந்து எவ்வளவு காலம் ஆகிறது என்பது. கலிபோர்னியாவில் முடிந்த தேதியிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாமதப் புதுப்பிப்பு கேட்கலாம். அதைத் தாண்டினால் புது ஆளாக விண்ணப்பிக்க வேண்டும், தேர்வும் வந்துவிடும். மாநிலத்துக்கு மாநிலம் இந்தக் காலக்கெடு மாறும், சில இடங்களில் மாதக்கணக்கில்தான் தருவார்கள். அதனால் வகுப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன் உங்கள் மாநில வாரியத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் சொன்ன பதிலை நம்பி வகுப்பில் சேர்ந்து, பிறகு அது தன் நிலைக்குப் பொருந்தாது என்று தெரிந்துகொண்ட ஒருவரை எனக்குத் தெரியும். நான் கெடுவுக்குள் இருந்தேன். வெளியே போயிருந்தால் திரும்பியிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

அடுத்தது வகுப்புகள். வேலை செய்யாத காலத்துக்கு வகுப்பு எதற்கு என்று தோன்றும். ஆனால் விதி தெளிவாக இருக்கிறது: உரிமம் தொடர்ந்து இருந்திருந்தால் எத்தனை மணி நேரம் படித்திருக்க வேண்டுமோ, அத்தனையும் முடித்தாக வேண்டும். தேசிய அளவுகோல் ஆண்டுக்கு 14 மணி நேரம், அதாவது இரண்டு ஆண்டுக்கு 28. அதற்குள் யூஸ்பாப் எனப்படும் தொழில் நெறிமுறைகளின் 7 மணி நேரப் புத்தாக்க வகுப்பும் அடங்கும். அதில் நடப்புப் பதிப்பைப் படித்திருக்க வேண்டும். இப்போதைய பதிப்பு 2024 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. முன்பெல்லாம் இரண்டு ஆண்டுக்கு ஒரு பதிப்பு வரும், இதற்கு முடிவுத் தேதி வைக்கவில்லை. மாநிலமே கேட்கும் சட்ட வகுப்புகளும் உண்டு.

2026 ஜனவரி முதல் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. மதிப்பீட்டில் பாகுபாடு, வீட்டுவசதியில் சமவாய்ப்புச் சட்டங்கள் பற்றிய வகுப்பு. முதல் முறை 7 மணி நேரம், அதன் பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை 4 மணி நேரம். கடமைக்காகச் சேர்ந்தேன், ஆனால் எல்லா வகுப்புகளிலும் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இதுதான். 1930களில் அரசு அமைப்பே நகர வரைபடங்களில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளைச் சிவப்பில் தீட்டி, கடனுக்கு ஆபத்தானவை என்று குறித்தது. 1968இல் சட்டம் வந்து அந்தப் பாகுபாட்டைத் தடை செய்தது. இது எனக்கு முன்பே தெரியும். ஆனால் ஓர் அறிக்கையில் அக்கம்பக்கத்தை வர்ணிக்க நாம் சாதாரணமாக எழுதும் ஒரு சொல், விலையை ஒப்பிட எந்த வீட்டை எடுக்கிறோம், எதை விடுகிறோம் என்ற தேர்வு, இவற்றின் வழியாக அந்தப் பழைய கோடு எப்படி இன்றும் உள்ளே வருகிறது என்று உதாரண அறிக்கைகளை வைத்துக் காட்டினார்கள். வீடு என்பது பெரும்பாலான குடும்பங்களின் மொத்தச் சேமிப்பு. அதன் மதிப்பைக் குறைத்து எழுதினால் அந்தப் பிள்ளைகளின் படிப்புவரை அடி விழும். மணிக்கணக்கை நிரப்புவதற்காக மலிவான வகுப்பைத் தேடாமல், இதை மட்டுமாவது நல்ல ஆசிரியரிடம் நேரலையில் படியுங்கள்.

விண்ணப்பத்தில் சொல்ல அதிகம் இல்லை. படிவம், கட்டணம், சான்றிதழ்கள், உரிமம் முடிந்த பிறகு ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்ற கேள்விகள். என்னுடையது ஒரு முறை திரும்பி வந்தது. ஒரு பயிற்சி நிறுவனம் கொடுத்த சான்றிதழில் மாநில அங்கீகார எண் அச்சாகவே இல்லை. திருத்திய சான்றிதழை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. சான்றிதழ் கைக்கு வந்த அன்றே பெயர், உரிம எண், முடித்த தேதி, அங்கீகார எண் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

மாநிலம் ஒப்புதல் தந்ததும் வேலை வந்துவிடாது. வங்கிகளும், அவற்றுக்காக அப்ரைசர்களுக்கு வேலை பிரித்துக்கொடுக்கும் மதிப்பீட்டு மேலாண்மை நிறுவனங்களும் பார்ப்பது அப்ரைசர்களின் தேசியப் பதிவேட்டை. 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த ஏற்பாடு அது, சேமிப்பு வங்கிகள் சரிந்த நெருக்கடிக்குப் பிறகு கொண்டுவந்தார்கள். அங்கே பெயருக்கு எதிரே செயலில் உள்ளவர் என்று காட்டும்வரை கூட்டாட்சி மேற்பார்வையிலுள்ள வங்கிக் கடன்களுக்கு உரிமம் தேவைப்படும் மதிப்பீடு எழுத முடியாது. மாநிலம் தகவல் அனுப்பி அது மாறச் சற்று நேரம் பிடிக்கும். நான் அது மாறியதைப் பார்த்த பிறகே பழைய வாடிக்கையாளர்களுக்கு எழுதினேன்.

இடைவெளியிலும் நம்மை விடாத இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, பழைய வேலைக் கோப்புகள். அறிக்கை எழுதி 5 ஆண்டுவரையாவது வைத்திருக்க வேண்டும், உரிமம் முடிந்தாலும் இந்தக் கடமை முடியாது. வழக்கில் சாட்சி சொல்லியிருந்தால், வழக்கு இறுதியாக முடிந்து 2 ஆண்டு என்ற கணக்கும் பார்த்து, எது பிந்தியதோ அதுவரை. இரண்டாவது, தொழில் பொறுப்புக் காப்பீடு. பெரும்பாலான பாலிசிகளில், புகார் வரும் நாளில் காப்பீடு நடப்பில் இருக்க வேண்டும். வேலை செய்யவில்லையே என்று நிறுத்திவிட்டால், மூன்று ஆண்டுக்கு முன் எழுதிய அறிக்கை மேல் வரும் வழக்குக்குப் பாதுகாப்பு இருக்காது. நான் வேலையை விடும்போதே பழைய அறிக்கைகளுக்கான நீட்டிப்பை வாங்கியிருந்தேன். செலவுதான், ஆனால் நிம்மதியாகத் தூங்கினேன்.

இப்போது திரும்புபவர்களுக்கு இன்னொரு வேலையும் காத்திருக்கிறது. வங்கிகளிடமிருந்து வீட்டுக்கடன்களை வாங்கும் பெரிய நிறுவனங்களான ஃபேனி மே, ஃப்ரெடி மாக் இரண்டும் அறிக்கை வடிவத்தையே மாற்றிவிட்டன. வீட்டு வகைக்கு ஒரு படிவம் என்றிருந்த பழைய முறை போய், சொத்துக்கேற்ப விரியும் ஒரே அறிக்கை வருகிறது. 2026 நவம்பர் 2 முதல் அவர்களுக்குப் போகும் புது அறிக்கைகளுக்கு அது கட்டாயம். பழைய படிவத்தில் கை பழகியவர்களுக்கு இதுதான் சிரமம். பாடத்தை நாமே தேர்ந்தெடுக்கக்கூடிய மணி நேரங்களை இந்தப் புது வடிவத்துக்கான வகுப்பிலேயே எடுத்துக்கொண்டேன், உரிமத்துக்கும் ஆயிற்று, வேலைக்கும் ஆயிற்று. மென்பொருள் நிறுவனங்கள் பயிற்சிக் கோப்புகள் தருகின்றன. முதல் ஆர்டரை ஏற்பதற்கு முன், பழைய அறிக்கை ஒன்றைப் புது வடிவத்தில் முழுக்க எழுதிப் பாருங்கள்.