சமயபுரத்தாளுக்கு அப்பா கொண்டுபோன பூ

அம்மாவுக்குத் தலைத் திவசம் முடிந்த அன்று சாயங்காலமே அப்பா கேட்டார்: "மாசி கடைசி ஞாயிறு என்னிக்கு வருது?"

சமயபுரத்தாள், அந்த மாரியம்மனே, பட்டினி தொடங்கும் நாள் அது. எங்கள் அம்மாவும் அன்றைக்குத்தான் தொடங்குவாள். 28 நாள், பங்குனி கடைசி ஞாயிறு வரைக்கும் பச்சைப் பட்டினி. பிள்ளைகள் நாமெல்லாம் நன்றாக இருக்க வேண்டும் என்று சமைத்த நைவேத்தியம் தொடாமல் அந்த ஆத்தா துள்ளுமாவு, நீர்மோர், பானகம், கரும்பு, இளநீரோடு இருக்கிறாளே, அதே கணக்குத்தான் அம்மாவுக்கும். ஆனால் வீட்டில் அடுப்பு ஒரு வேளைகூட அணையாது. தாத்தா, அப்பத்தா, சித்தப்பாக்கள், நாங்கள் எல்லோருக்கும் ஆக்கிப் போட்டுவிட்டு, பின்கட்டில் ஒரு டம்ளர் மோரோடு உட்காருவாள். பசிக்கலையாம்மா என்றால், "அவளே நமக்காகப் பட்டினி கிடக்கா, எனக்கென்ன" என்பாள்.

இதன் ஆரம்பம் 1962. அப்பாவுக்குப் பெரியம்மை. இன்றைய பிள்ளைகளுக்கு அந்தப் பயம் தெரியாது, 1975க்குப் பிறகு நம் நாட்டில் அந்த நோயே இல்லை. அப்போதெல்லாம் அம்மை வார்த்த வீட்டுப் பக்கம் ஒருவரும் வர மாட்டார்கள். அம்மாவுக்கு 24 வயது, இடுப்பில் அக்கா. வேப்பிலையைப் பரப்பி அப்பாவைக் கிடத்தி, ராத்திரி பகலாக வேப்பங்கொத்தால் வருடிக்கொடுத்தபடியே, "என் மஞ்சளைக் காப்பாத்திக் குடு தாயே, நான் இருக்கிற வரைக்கும் உனக்குப் பூக் கொண்டாந்து போடுறேன்" என்று வேண்டிக்கொண்டாளாம். மூன்றாம் தண்ணீர் ஊற்றி அப்பா எழுந்தார். அந்தத் தழும்புகள் இன்றும் அவர் முகத்தில் இருக்கின்றன. அண்ணன் பிறந்தபோது கரும்புத் தொட்டில் சுமந்ததும் அந்தக் கோயிலுக்குத்தான்.

துறையூர்ப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊரிலிருந்து மண்ணச்சநல்லூர் வழியாக, மஞ்சள் சேலை கட்டிப் பூத்தட்டோடு நடந்தே போவாள். முழங்கால் போன பிறகு பஸ், அப்புறம் அண்ணன் கார். கடைசியில் எழுந்திருக்க முடியாதபோது பூவை மட்டும் தொட்டுக் கொடுத்தனுப்பினாள். 86 வயதில், நெற்றி நிறையக் குங்குமத்தோடு போய்ச் சேர்ந்தாள். அவள் கேட்டதை ஆத்தா அப்படியே கொடுத்துவிட்டாள்.

நியாயமாகப் பார்த்தால் நேர்த்திக்கடன் அவளோடு முடிந்தது. "நான் இருக்கிற வரைக்கும்" என்றுதானே வேண்டிக்கொண்டாள்? அண்ணன் இதைச் சொன்னதற்கு அப்பா, "அவ கடன் முடிஞ்சுது. என் கடன நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல" என்றார். 91 வயது. மேலே பேச யாருக்கும் வாய் வரவில்லை.

பூச்சொரிதல் ஞாயிறன்று அவரைக் கூட்டிப்போகவே முடியாது என்று ஒரு வாரநாளில் கிளம்பினோம். அன்றைக்கும் கூட்டத்துக்குக் குறைவில்லை. காரை நிறுத்துவதற்குள் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள், "பெரியவர வெச்சுக்கிட்டு வரிசையில நிப்பீங்களா? குடுக்கறதக் குடுங்க, நேரா உள்ள விடறேன்" என்கிறான். எங்கள் கையில் பூக்கூடை இருப்பதைப் பார்த்துக்கொண்டே இன்னொருத்தன் வேறொரு தட்டை அக்கா கையில் திணிக்கிறான். ஆத்தா பட்டினி கிடக்கிற மாசத்தில், அவள் வாசலிலேயே, வயசானவர்களின் தள்ளாமையைக் காட்டிப் பேரம் பேசுகிறார்களே, வயிறு எரிகிறது. அப்பா அவர்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. வரிசையில்தான் வருவேன் என்றுவிட்டார்.

கம்பித் தடுப்புக்குள் காற்றே இல்லை. பின்னாலிருந்து ஒரே தள்ளுமுள்ளு. பாதி தூரத்தில் அப்பாவுக்குக் கால் துவண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கை நடுங்கியது. அப்போது பெரம்பலூர்ப் பக்கமிருந்து நடந்து வந்திருந்த பெண்கள், எல்லோரும் மஞ்சள் சேலை, கால் முழுக்கக் கொப்புளம், ஒருத்தி தன் பாட்டிலிலிருந்த பானகத்தை அவர் வாயில் ஊற்றினாள். மற்றவர்கள் கைகோத்து அரண் மாதிரி நின்று, "தாத்தா போகட்டும், வழி விடுங்க" என்று சத்தம் போட்டார்கள். முன்னால் நின்றவர்கள் ஒதுங்க ஒதுங்க, அவரை நடத்திக்கொண்டே போய்விட்டோம்.

சந்நிதி. பூவுக்கு நடுவே அந்தப் பெரிய திருமுகம். எத்தனை தடவை பார்த்தாலும் முதலில் அந்தக் கண்தான் நம்மைப் பிடித்துக்கொள்கிறது. குருக்கள் தட்டை வாங்கி, "பேரு, நட்சத்திரம்?" என்றார்.

இந்த இடத்தில் எப்போதும் அம்மா குரல்தான் கேட்கும். அப்பா பெயரில் தொடங்கி, எங்கள் பெயர்கள், மருமக்கள், பேரன் பேத்திகள், சித்தப்பா பிள்ளைகள் வரைக்கும் ராசி நட்சத்திரத்தோடு தடங்கல் இல்லாமல் சொல்வாள். தன் பெயரை ஒரு நாளும் சொன்னதில்லை. அதைப் பார்த்துப் பக்கத்தில் நின்றவர் அப்பா.

அப்பா அம்மாவின் பெயரைச் சொன்னார். "ரோகிணி நட்சத்திரம், ரிஷப ராசி" என்றார்.

அக்கா பதறி, "அப்பா, அம்மா பேருக்கு இப்ப பண்ண மாட்டாங்கப்பா" என்று அவர் கையைப் பிடித்தாள். அப்பா கம்பியை விடவில்லை. "அவளுக்குன்னு ஒண்ணுமே கேட்டதில்லையே, சாமி" என்று குருக்களைப் பார்த்துச் சொன்னார். குருக்களுக்குப் புரிந்துவிட்டது. "அம்பாள் பேருக்கே பண்றேன், நீங்க மனசுல நெனச்சுக்கோங்கோ" என்று சொல்லி, அந்த நெருக்கடியிலும் நிதானமாகவே அர்ச்சனை செய்தார். நகருங்க நகருங்க என்று விரட்டிக்கொண்டிருந்த கோயில் ஆள்கூட அப்பா தோளில் கை வைக்கவில்லை. அப்பா கொண்டுவந்த பூ ஆத்தா காலடிக்குப் போயிற்று. கற்பூரம் காட்டும்போது, அம்மா பெயர் அப்பா வாயில் மந்திரம் போல ஓடிக்கொண்டே இருந்தது. என்னால் நிற்க முடியவில்லை. தாயே, எங்களுக்கு வேறு என்ன வேண்டும், இப்படி ஒரு அம்மாவை 86 வயது வரைக்கும் கொடுத்து வைத்திருந்தாயே.

வெளியே எப்படி வந்தோம், விளக்கு எங்கே போட்டோம் என்பதெல்லாம் சரியாக நினைவில்லை. அக்கா அடுத்த வருஷத்திலிருந்து விரதம் இருப்பதாகச் சொல்லியிருக்கிறாள். சித்திரைத் தேருக்கும் வர வேண்டும் என்கிறார் அப்பா. ஆத்தா காலைக் கொடுத்தால் வருவோம்.

அந்த மஞ்சள் சேலைக்காரப் பெண்களைத் திரும்பப் போய்த் தேடினோம், கிடைக்கவில்லை. பெயர்கூடக் கேட்கவில்லை. நீங்கள் என்ன வேண்டிக்கொண்டு அத்தனை தூரம் நடந்து வந்தீர்களோ, அதை ஆத்தா நடத்திக் கொடுக்கட்டும்.