லீஸ் போன பிறகு

மார்ச் 4
என்எஃப்எஸ் கிளையன்ட்டில் (நெட்வொர்க் வழியாக சர்வரின் ஃபைல்களைப் பயன்படுத்த வைக்கும் நிரல்) மறுபடியும் அதே சுழல். ரைட் (எழுதும் கோரிக்கை) போகிறது, 10025 என்ற பிழை எண் வருகிறது, அதே ரைட் அதே ஸ்டேட்-ஐடியோடு (நம் ஓப்பனுக்கும் லாக்குக்கும் சர்வர் தந்த அடையாளம்) திரும்பப் போகிறது. பாக்கெட் கேப்சர் (நெட்வொர்க்கில் போனது வந்ததன் பதிவு) முழுக்க இதுதான். இந்த ஸ்டேட்-ஐடி செல்லாது என்று சர்வர் தெளிவாகவே சொல்கிறது. இழந்ததை மீட்கும் ரெகவரி த்ரெட் எழுந்து லீஸைப் (சர்வர் நமக்குக் காலவரம்போடு தந்த உரிமை) பார்க்கிறது, லீஸ் உயிரோடு இருக்கிறது, சரி வேலை இல்லை என்று படுத்துவிடுகிறது. எழுதக் காத்திருக்கும் புரோக்ராம் தொங்கிக்கொண்டே இருக்கிறது.

மார்ச் 5
தூக்கமே வரவில்லை. அந்த ஃபைலின் லாக் (பூட்டு) யார் கையில் இருக்கிறது?

மார்ச் 7
சர்வர் ரீபூட் ஆனால்கூடப் பரவாயில்லை. லினக்ஸ் சர்வர் வழக்கமாக 90 நொடி கிரேஸ் (சலுகை நேரம்) தரும், பழைய ஓப்பன், பழைய லாக் எல்லாவற்றையும் அதற்குள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், புதிதாகக் கேட்பவருக்கு 'இன்னும் கிரேஸ் முடியவில்லை' என்ற பிழை 10013தான். பயமெல்லாம் நெட்வொர்க் அறுந்து லீஸ் காலாவதியாகும்போதுதான். அந்த இடைவெளியில் இன்னொரு மெஷின் அதே லாக்கைப் பிடித்து, எழுதி, விட்டுவிட்டும் போயிருக்கலாம். நாம் திரும்பி வந்து சத்தமில்லாமல் லாக்கை எடுத்து எழுதினால், காலி செய்த வீட்டுக்குள் பழைய சாவியோடு நுழைந்த மாதிரி. புரோக்ராமுக்கு ஐஓ எரர் போயே ஆக வேண்டும். தரவு கெடுவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

மார்ச் 8
'இப்போது முடியாது, பிறகு வா' என்ற பிழை 10008 வந்தால் கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்டால் போதும். அதற்கு ரெகவரியை எழுப்பவே கூடாது.

மார்ச் 10
சுழல் உடைந்தது! பிழை வந்ததும், நாம் அனுப்பிய ஸ்டேட்-ஐடியையும் இப்போது கையில் இருப்பதையும் ஒப்பிட வேண்டும். வேறாக இருந்தால் யாரோ ஏற்கெனவே மீட்டுவிட்டார்கள், புதியதை வைத்து அனுப்பினால் போதும். ஒன்றாக இருந்தால் அந்த ஓப்பனை மட்டும் குறித்துவைத்து த்ரெட்டை எழுப்ப வேண்டும், லீஸ் நன்றாக இருந்தாலும் சரி. மனசு லேசாகிவிட்டது.

மார்ச் 11
லேசாகவில்லை. லாக் போன ஃபைலின் அழுக்குப் பக்கங்கள் (சர்வருக்கு எழுதப்படாத தரவு) இன்னும் கேஷில் கிடக்கின்றன, அவை பின்னால் மெதுவாக எழுதப்பட்டுவிட்டால் என்ன ஆகும்? கமிட்டில் (எழுதியதை டிஸ்க்கில் உறுதிசெய்யக் கேட்கும் கோரிக்கை) வெரிஃபையர் (சர்வர் ரீபூட் ஆனால் மாறும் அடையாளம்) மாறினால் உறுதியாகாத எல்லாப் பக்கங்களையும் திரும்ப அனுப்புவது சரியான வழி, ஆனால் லாக் போனவற்றை அனுப்பவே கூடாது, தூக்கி எறிந்துவிட்டு எஃப்சிங்கில் (தரவை டிஸ்க்கில் சேர்க்கச் சொல்லி புரோக்ராம் செய்யும் அழைப்பு) பிழை சொல்ல வேண்டும். அதைக் கேட்டுப் பார்க்காத புரோக்ராம்கள் எத்தனையோ இருக்கின்றன. இருந்தாலும் சொல்ல வேண்டியது நம் கடமை.

மார்ச் 13
சோதனைக்காக என்எஃப்எஸ் போகும் 2049 போர்ட்டை அடைத்துவிட்டுக் காத்திருக்கிறேன். கெர்னல் 5.19 முதல் லினக்ஸ் சர்வர், லீஸ் போனாலும் யாரும் போட்டிக்கு வராதவரை நம் லாக்கை ஒரு நாள் வரை வைத்திருக்கும், அதனால் இரண்டாவது மெஷினிலிருந்தும் அதே லாக்கைக் கேட்டால்தான் சோதனை அர்த்தப்படும். கேட்டாயிற்று, கிடைத்தும் விட்டது. இப்போது போர்ட்டைத் திறக்கிறேன்.