சித்தியின் அவுரிப்பொடியும் நீலம் செய்யும் பாக்டீரியாவும்

மாதத்தில் ஒரு ஞாயிறு சித்தி தலைக்குச் சாயம் போடும் நாள். முதலில் மருதாணி, அதை அலசிய பிறகு அவுரிப்பொடி. மருதாணியை முந்தின இரவே இரும்புச் சட்டியில் கரைத்து வைத்துவிடுவார். அவுரியை மட்டும் பூசுவதற்குப் பத்து நிமிடம் முன்னால்தான் கரைக்க விடுவார். போன மாதம் உதவுகிறேன் பேர்வழி என்று நான் அதையும் ராத்திரியே கரைத்து வைத்துவிட்டேன். காலையில் பார்த்தால் மேலே நீலமாக ஏடு கட்டியிருந்தது. நல்ல நிறம் வந்திருக்கிறதே என்றேன். "சட்டிக்கு வந்துடுச்சு, என் தலைக்கு வராது, கொட்டு" என்றார்.

பாக்டீரியாவை வைத்து அவுரி நீலம் தயாரிக்கக் கிளம்பியவர்களும் இந்தச் சட்டியில்தான் மாட்டிக்கொண்டு நின்றார்கள்.

அவுரி இலைக்குள் நீலம் கிடையாது. இருப்பது இண்டிகான் என்ற நிறமில்லாத பொருள், அதாவது இண்டாக்சில் என்ற மூலக்கூறின் மேல் ஒரு குளுக்கோஸை மூடி போட்ட மாதிரி மாட்டியது. பொடியில் தண்ணீர் பட்டதும் இலையிலேயே இருக்கும் நொதி அந்த மூடியைக் கழற்றும், வெளியே வந்த இண்டாக்சில் காற்று பட்டதும் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு இண்டிகோ ஆகிவிடும். இண்டிகோ ஆகிவிட்டால் தண்ணீரில் கரையாது, முடிக்குள்ளேயும் போகாது. திண்டிவனம் பக்கம் அவுரி ஊறிய தொட்டியில் இறங்கிக் காலால் அடித்துக் கலக்குவதும் இந்தக் காற்றுக்காகத்தான். அங்கே வண்டலாகப் படிவதுதான் வேண்டும், தலையில் அது கூடாது.

1983இல் ஆம்ஜென் நிறுவனத்தில் பர்ட் என்ஸ்லி குழுவினர் நீலத்தைத் தேடவே இல்லை. நாப்தலீனை, அதாவது நம் அந்துருண்டையை, தின்று செரிக்கும் ஒரு பாக்டீரியாவின் மரபணுக்களை ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவுக்குள் வைத்தார்கள், அது நீலமாகிவிட்டது. ஈ.கோலை டிரிப்டோபன் என்ற அமினோ அமிலத்தை உடைத்து இண்டோல் உண்டாக்கும் (மல்லிகை வாசத்திலும் இண்டோல் உண்டு, மலநாற்றத்திலும் உண்டு, எல்லாம் அளவைப் பொறுத்தது). புதிதாக வந்த நொதி அந்த இண்டோலில் ஆக்சிஜனை ஏற்ற, இண்டாக்சில் வந்து, அப்புறம் நீலம். பிறகு ஜெனன்கோர் நிறுவனம் இதை வியாபாரமாக்கப் பார்த்தது. கூடவே வந்த இண்டிருபின் என்ற சிவப்பைக்கூடச் சமாளித்தார்கள், ரசாயன நீலத்தின் விலையைத்தான் சமாளிக்க முடியவில்லை. 1897இலிருந்து விற்பனையில் இருக்கும் சரக்கு அது, லேசில் அசையுமா?

என்னைக் கேட்டால் விலை மட்டும் சிக்கலில்லை. அந்த பாக்டீரியா கொடுத்ததும் சட்டியில் ஏறிப்போன நீலம்தான். அதை நூலில் ஏற்ற மறுபடியும் ஹைட்ரோஸ் என்ற கந்தக உப்பைப் போட்டுக் கரைய வைக்க வேண்டும், கழிவுநீரில் கந்தக உப்புகள் அப்படியே வரும். ஹைட்ரோஸ் வருவதற்கு முன்னால் நம்மூரில் தகரை விதையும் சுண்ணாம்பும் போட்டுத் தொட்டியைப் புளிக்க வைத்து அந்த வேலையைக் கிருமிகளிடமே விட்டிருந்தார்கள்.

2018இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜான் டூபர் குழு செய்ததுதான் எனக்குப் பிடித்தது. ஜப்பானிய நீலச்செடி ஒன்றிலிருந்து குளுக்கோஸ் மூடி போடும் மரபணுவை எடுத்து ஈ.கோலையில் வைத்தார்கள். இண்டாக்சில் நீலமாவதற்குள் மூடி விழுந்துவிடுகிறது, இண்டிகானாகவே சேர்த்து வைக்கலாம், துணியில் ஏற்றியபின் ஒரு நொதியை விட்டு மூடியைக் கழற்றினால் நீலம் நூலிலேயே பிறக்கிறது. ஹைட்ரோஸ் தேவையில்லை. 2024இல் டென்மார்க்கில் ஒரு குழு, நொதிகூட இல்லாமல் வெளிச்சத்தை வைத்தே துணியில் இண்டிகானை நீலமாக்கிக் காட்டியது. இதெல்லாம் நாளைக்கே ஜீன்ஸ் கடைக்கு வந்துவிடும் என்று நான் நம்பவில்லை, நொதியும் டிரிப்டோபனும் சும்மா கிடைப்பதில்லை. "இயற்கைச் சாயம்" என்று சீட்டு ஒட்டி விற்பார்களோ என்ற எரிச்சலும் இருக்கிறது, எங்கே செய்தாலும் மூலக்கூறு ஒன்றுதானே.

இதையெல்லாம் சித்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். புதுப்பொடியைக் கரைத்து வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தவர், டென்மார்க் வந்ததும் கடிகாரத்தைப் பார்த்தார். "பத்து நிமிஷம் ஆச்சு, பேசினது போதும், வந்து பூசு."